யாராச்சும் ஏத்திக்குவாங்க

பிரிக்பீல்ட்ஸ் பக்கம் ஒரு வீட்டில் கல்யாணம் என்றால் முதலில் மண்டபம் பார்ப்பார்கள், அடுத்து புஷ்பவல்லியைப் பார்ப்பார்கள். அடுக்குமாடியின் மூன்றாவது மாடியில், சன்னலோரம் தையல் மெஷினைப் போட்டுக்கொண்டு, முப்பது வருடமாக ரவிக்கை தைக்கிறாள். மணப்பெண்கள் வந்தார்கள். அந்த மணப்பெண்களே பிள்ளை பெற்று, உடம்பு பூரித்து, தையலைக் கொஞ்சம் பிரித்துவிடச் சொல்லி மறுபடி வந்தார்கள். ஊரே அவளைத் தேடி வந்தது. அவள்தான் எங்கேயும் போனதில்லை. போகக்கூடாது என்று வைராக்கியம் ஒன்றும் கிடையாது. யாராவது வந்து ஏற்றிக்கொண்டு போனால்தானே போக முடியும்?

இந்த ஏற்றிக்கொண்டு போவது இருக்கிறதே, நம் குடும்பங்களில் அது ஒரு தனி சாஸ்திரம். காது குத்தோ, கருமாதியோ, தேதி தெரிந்த அடுத்த நிமிடம் வரும் கேள்வி, "உன்னை யாரு ஏத்துறா?" என்பதுதான். அதற்குப் பதில் சொல்லும் உரிமை ஏற்றப்படுகிறவருக்குக் கிடையாது. கார் வைத்திருக்கிறவர்கள் கூடிப் பேசி, அரிசி மூட்டை பிரிப்பதுபோல் ஆட்களைப் பிரித்துக்கொள்வார்கள். நீங்கள் குளித்து, உடுத்தி, பையோடு வாசலில் நின்றால் போதும். நிற்பதற்குப் பெரிய பொறுமை வேண்டும் என்பது நின்றவர்களுக்குத்தான் தெரியும்.

புஷ்பவல்லி நின்று பழகியவள். கிள்ளானில் பிறந்து வளர்ந்தபோது அப்பாவின் சைக்கிளுக்கு நின்றாள். பள்ளிக்கூடம் முடிந்து சுபாங் ஜெயாவில் ஒரு தொழிற்சாலைக்கு வேலைக்குப் போனபோது அண்ணன் வாசுவின் மோட்டார் சைக்கிளுக்கு நின்றாள். உண்மையைச் சொன்னால், வாசுவுக்காக அவள் நின்றதே இல்லை. ஷிப்ட் முடிந்து கேட்டுக்கு வருவதற்குள் இரண்டு தடவை ஹாரன் கேட்கும். பீப், பீப். மழையானாலும் சரி, தீபாவளிக்கு முதல் நாளானாலும் சரி, அந்த இரண்டு ஹாரனும் தப்பியதில்லை. தோழி மும்தாஜ் கூடப் பொறாமையோடு சொல்வாள், "எங்கண்ணனும் இருக்கானே, நான் வேலைக்குப் போறேன்னே அவனுக்கு மறந்துடும்."

பிறகு கல்யாணம் ஆயிற்று. கணவர் பஸ் டிரைவர். ஊரையெல்லாம் ஏற்றி இறக்கிய மனிதர், வீட்டுக்காரிக்கு ஸ்டியரிங்கைத் தொட்டுப் பார்க்கக்கூடக் கொடுத்ததில்லை. "உனக்கு எதுக்கு லா இதெல்லாம், நான்தான் இருக்கேனே," என்பார். அவரும் போய்ச் சேர்ந்தார். மகன் ஜீவன் ஜொகூரில் வேலைக்குப் போனான். போர்ட் டிக்சன் பக்கம் லுக்குட்டில் குடியேறிவிட்ட வாசு மட்டும் போன் போடும்போதெல்லாம் ஒரே பாட்டைப் பாடுவான். "கார் ஓட்டக் கத்துக்கோடா புஷ்பா. எனக்கு அப்புறம் உன்னை யாரு ஏத்துவா?"

"அதான் நீ இருக்கியே," என்று இவள் சிரிப்பாள்.

போன வருடம் ஒரு வெள்ளிக்கிழமை விடியற்காலை அவன் இல்லாமல் போனான். நெஞ்சு வலி. மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டது.

அன்றைக்கு நடந்ததைச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது. சொல்லும்போது எனக்கே கோபம் வரும், பரவாயில்லை. கோலாலம்பூரிலிருந்தும் சுற்றுவட்டாரத்திலிருந்தும் ஐந்து கார்கள் கிளம்பின. ஏற்பாடெல்லாம் பெரியப்பா மகன் கமலநாதன். ஸ்ரீ கெம்பாங்கானில் வசதியான வீடு, ஓய்வு பெற்ற அதிகாரி, குடும்ப வாட்சப் குழுவுக்கு அவர்தான் தலைவர், செயலாளர், காவல்காரர். "புஷ்பாவை யாரு ஏத்துறா?" என்று ஒருத்தர் கேட்க, "யாராச்சும் ஏத்திக்குவாங்க," என்று அவர் போட்டார். கீழே வரிசையாக ஐந்து கட்டைவிரல். ஐந்தில் நான்கு கார்கள் பிரிக்பீல்ட்ஸ் வழியாகத்தான் போயின. ஒவ்வொரு காரும் அவள் மற்ற நான்கில் ஒன்றில் இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு போனது.

புஷ்பவல்லி வெள்ளைச் சேலையில், பையோடு, அடுக்குமாடி வாசலில் நின்றாள். போன் அடித்தாள். ஓட்டுகிறவர்கள் எடுக்கவில்லை, அழுகிறவர்களும் எடுக்கவில்லை. லுக்குட்டில் சவப்பெட்டியை மூடும் நேரத்தில் அண்ணி கேட்டிருக்கிறாள், "புஷ்பா வந்தாச்சா?" கூட்டத்தில் ஏதோ ஒரு குரல், "வந்துட்டா, பின்னால நிக்கிறா," என்றது. மூடிவிட்டார்கள். கடைசியில் புஷ்பவல்லி வாடகைக் கார் பிடித்து அங்கே போய் இறங்கியபோது, வீட்டைக் கழுவிவிட்டுக்கொண்டிருந்தார்கள்.

அவள் யாரையும் திட்டவில்லை. கமலநாதன், "நீ சிவேந்திரன் கார்ல இருக்கேன்னு நெனச்சேன்," என்றார். ஐந்து கார்க்காரர்களில் ஒருவனான சிவேந்திரன் வேறொரு காரைச் சொன்னான். வட்டமாகச் சுற்றிவந்த அந்தப் பழி கடைசியில் எங்கேயும் இறங்கவே இல்லை. புஷ்பவல்லி அண்ணியைக் கட்டிக்கொண்டு அழுதாள். பிறகு வாசுவின் பழைய மோட்டார் நின்ற இடத்தில் போய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்தாள். அடுத்த வாரமே தைத்துச் சேர்த்த பணத்தோடு வாகனப் பயிற்சிப் பள்ளியில் போய் நின்றாள். அங்கே இருந்த பையன், "பேத்தியைச் சேர்க்க வந்தீங்களா ஆன்டி?" என்றான்.

"என்னைச் சேர்க்க வந்தேன்," என்றாள்.

நேராக ஓட்டுவது அவளுக்குச் சுலபமாக வந்தது. வராதது ஒன்றே ஒன்றுதான்: கோஸ்தான். காரைப் பின்னால் எடுப்பதற்கு இந்த ஊரில் இந்தப் பெயர்தான், மலாய்க்காரர், சீனர், நம்மவர் எல்லாருக்கும். வாழ்நாளெல்லாம் முன்னே வரும் ரவிக்கைத் துணியைப் பார்த்தே தைத்தவளுக்கு, பின்னால் பார்த்து எதையும் செய்ய வரவில்லை. பரீட்சைத் திடலில் நட்டு வைத்த கம்பங்களை ஒவ்வொரு தடவையும் பாரபட்சமில்லாமல் சாய்த்தாள். பயிற்சி கொடுத்த சீன அங்கிள் தலையில் கைவைத்துக்கொண்டார். மூன்று தடவை தோற்று, நான்காவது தடவை கம்பம் ஒன்று ஆடி, விழலாமா வேண்டாமா என்று யோசித்து, விழாமல் நின்றது. லைசென்ஸ் கிடைத்துவிட்டது. ஜீவன் தன் பழைய மைவி காரைக் கொண்டுவந்து நிறுத்தி, முன்னும் பின்னும், புது லைசென்ஸ்காரர்களுக்கான சிவப்பு 'பி' ஸ்டிக்கரை ஒட்டிக் கொடுத்தான். அறுபதை எட்டப்போகிறவளின் காரில் அந்த ஸ்டிக்கரைப் பார்த்துப் பல பேர் கண்ணாடியை இறக்கிச் சிரித்தார்கள். அவளும் சிரித்துக் கையசைத்தாள்.

வாசுவின் முதல் வருஷப் படையல் வந்தது. சனிக்கிழமை, பகல் பன்னிரண்டு மணிக்கு. குழுவில் கமலநாதன் வழக்கம்போல் கார்களைப் பிரித்தார். புஷ்பவல்லி முதல் தடவையாக அதில் எழுதினாள்: "நான் என் கார்ல வரேன்." இரண்டு நிமிடத்தில் போன் அடித்தது.

"புஷ்பா, வெளையாடாதே. நீ மார்க்கெட்டுக்கு ஓட்டுறது வேற, இது வேற. ஹைவேல லோரிக்காரன் உன்னைத் தூக்கிட்டுப் போயிடுவான்."

"நான் கடலோர ரோட்டுல போறேண்ணே. கிள்ளான், பந்திங், மோரிப், அப்படியே லுக்குட்."

"அது ரொம்பச் சுத்து லா! பன்னெண்டுக்குள்ள வந்து சேர மாட்டே. உனக்காகப் படையலை நிறுத்தி வைக்க முடியாது. நீ வீட்டுல இரு, யாராச்சும் ஏத்திக்குவாங்க."

"வேணாம்ணே. நான் வந்துக்குவேன்," என்று வைத்துவிட்டாள். அண்ணன் முகத்தைத்தான் கடைசியாகப் பார்க்கவில்லை. அவன் படையலுக்கும் நேரத்துக்குப் போய்ச் சேராவிட்டால், இனி ஆயுசுக்கும் இவர்கள் பிரிக்கும் மூட்டைதான் தான் என்பது அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது.

விடியும் முன் எழுந்து நண்டுக் குழம்பு வைத்தாள். வாசுவுக்கு உயிர் அது. மிளகு தூக்கலாக, முருங்கைக்கீரை தூவி, பெரிய சட்டியில். துணியால் வாய் கட்டி முன்சீட்டில் வைத்தாள். கிளம்பினால் கார் பீப் பீப் என்று கத்த ஆரம்பித்தது. சட்டியின் கனத்தை ஆள் என்று எண்ணிவிட்டது போலிருக்கிறது. சட்டிக்கு சீட் பெல்ட் மாட்டினாள். அடங்கியது.

பெடரல் ஹைவேயில் இடது ஓரத்தை விட்டு இம்மியும் நகரவில்லை. சுபாங் ஜெயாவைத் தாண்டும்போது மட்டும், பழைய தொழிற்சாலை இருந்த பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். கிள்ளானில் மும்தாஜ் வீட்டு வாசலில் நிறுத்தி, இரண்டு தடவை ஹாரன் அடித்தாள். ஏன் அப்படி அடித்தாள் என்று அவளுக்கே தெரியாது, கை தானாக அடித்தது.

மும்தாஜ் வெளியே ஓடிவந்து, காரையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள். "யாருடி கொண்டாந்து விட்டது?"

"யாரும் இல்ல. நானே வந்தேன்."

"பொய் சொல்லாதே. டிரைவர் எங்க ஒளிஞ்சிருக்கான்?" என்று குனிந்து பின்சீட்டைப் பார்த்தாள் மும்தாஜ். பிறகு நெஞ்சில் கைவைத்துச் சிரித்தாள். அதற்குப் பிறகு சாப்பிடாமல் விடுவாளா? நேரமாகிறது என்று இவள் சொல்லச் சொல்ல, இடியாப்பமும் தேங்காய்ப்பாலும் தட்டில் வந்து விழுந்தன. சாப்பிட்டுக் கொண்டிருக்கும்போதே மும்தாஜ் மெல்லக் கேட்டாள், "வாசு அண்ணன் வீட்டுக்கா போற? அவர் மவுத்தானப்போ போகணும்னு அவ்வளவு துடிச்சேன். மகன் இம்ரான் ஊர்ல இல்ல, என்னை ஏத்திட்டுப் போக ஆள் இல்ல."

புஷ்பவல்லி இடியாப்பத்தை விழுங்கினாள். "இப்ப வா."

"நானா? இப்பவா?"

"என் ஓட்டுல பயமா?"

"பயம்தான். ஆனா அல்லா இருக்கான், பெல்ட்டும் இருக்கு." சொல்லிக்கொண்டே செருப்பை மாட்டிவிட்டாள். கார்க் கதவைத் திறந்ததும்தான் முகம் மாறியது. "நான் பின்னால, நண்டு முன்னாலயா? நல்லா இருக்குடி உன் மரியாதை!"

பந்திங் வரைக்கும் மும்தாஜ் வாய் மூடவில்லை. அது ஒருவகையில் நல்லதாகப் போயிற்று, பயப்பட நேரம் கிடைக்கவில்லை. பந்திங்கில் ஜெயமாலா அக்காவை எட்டிப் பார்த்துவிட்டுப் போவதாகத் திட்டம். கமலநாதனின் சொந்தத் தங்கை, மகன் தனேஷோடு இருப்பவள், முட்டி வலியால் அதிகம் நடமாட்டம் இல்லாதவள். அக்கா இந்நேரம் லுக்குட்டுக்குக் கிளம்பிப் போயிருப்பாள், பூட்டிய வீட்டைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான் என்று புஷ்பவல்லி நினைத்தாள். ஆனாலும் வழியில் இருக்கிற வீட்டைத் தாண்டிப் போக மனசு வரவில்லை.

வீடு ஒடுக்கமான ஒரு கிராமத்துச் சந்தில் இருந்தது. இரண்டு பக்கமும் லொங்காங், அதாவது திறந்த சாக்கடை. நடுவில் ஒரு கார் மட்டும் போகிற அகலம். சந்துக்குள் நுழைந்து கேட்டருகே வந்தவள், சட்டென்று பிரேக்கை மிதித்தாள்.

கேட்டுக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலி போட்டு ஜெயமாலா உட்கார்ந்திருந்தாள். இஸ்திரி போட்ட சேலை, தலையில் பூ, மடியில் பை. வெயில் நாற்காலிக்கு வந்துவிட்டிருந்தது. அவள் நிழல் பக்கம் நகரக்கூட இல்லை, நகர்ந்தால் வருகிற கார் தன்னைப் பார்க்காமல் போய்விடுமோ என்ற பயம்.

"அக்கா! நீங்க இன்னும் போகலயா?"

"தனேஷ் நேத்தே போயிட்டான்மா, பந்தல் வேலைக்கு. மாமா ஏத்திக்குவார்னு சொன்னான். அண்ணனுக்குப் போன் போடுறேன், எடுக்க மாட்டேங்குறார். ஓட்டிக்கிட்டு இருப்பார் போல." ஜெயமாலா சிரித்தாள். அந்தச் சிரிப்பு புஷ்பவல்லிக்கு அத்துப்படி. போன வருடம் அடுக்குமாடி வாசலில், கேட்டவர்களிடமெல்லாம் அவளும் அதே சிரிப்பைத்தான் சிரித்தாள். "பரவால்ல, யாராச்சும் ஏத்திக்குவாங்க."

புஷ்பவல்லிக்குக் கண் நிறைந்துவிட்டது. கோபத்தில் நிறைந்ததா, பாசத்தில் நிறைந்ததா என்று பிரித்துச் சொல்ல முடியாது. காரைவிட்டு இறங்கி, அக்காவின் மடியில் இருந்த பையைத் தான் எடுத்துக்கொண்டாள்.

"அந்த யாராச்சும் நான்தான்க்கா. ஏறுங்க."

முட்டி மடக்கி ஜெயமாலாவைப் பின்சீட்டில் ஏற்றுவது லேசான காரியமாக இல்லை. மும்தாஜ் உள்ளேயிருந்து இழுக்க, புஷ்பவல்லி வெளியேயிருந்து தாங்கினாள். எல்லாம் முடிந்து ஸ்டியரிங்கைப் பிடித்து முன்னே பார்த்தபோதுதான் தெரிந்தது, சந்தின் மறுமுனை அடைபட்டிருக்கிறது. ஒரு மலாய்க்காரர் வீட்டில் கல்யாணம். வாசலில் கட்டிய கூடாரம் சந்தை முழுசாக மூடியிருந்தது, உள்ளே நாற்காலிகளும் மேசைகளும், ஒரு பக்கம் பெரிய அண்டாவில் கறி கொதித்துக்கொண்டிருந்தது. நேரே போக முடியாது. திருப்ப இடமும் இல்லை.

ஒரே வழிதான். வந்த வழியே, மெயின் ரோடு வரைக்கும், கோஸ்தான்.

பரீட்சைத் திடலில் சாய்த்த கம்பங்கள் எல்லாம் வரிசையாக அவள் கண்முன் வந்து நின்றன. இங்கே இருப்பது கம்பம் இல்லை, சாக்கடை. ஒரு டயர் இறங்கினால் படையலும் போயிற்று, அண்ணனும் போனான், கமலநாதனுக்கு ஆயுசுக்கும் சொல்லிக்காட்ட ஒரு கதையும் கிடைத்தது.

கூடாரத்திலிருந்து சரோங் கட்டிய ஒரு மலாய்ப் பெரியவர் வந்தார். 'பி' ஸ்டிக்கரைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார். தயவாகச் சாவிக்குக் கை நீட்டினார். "நான் எடுத்துத் தரட்டுமா, மாக்சிக்?" என்று, அத்தை முறை வைத்து, மலாயில் கேட்டார்.

நல்ல மனிதர். கொடுத்துவிட்டால் இரண்டு நிமிட வேலை. மும்தாஜ்கூட, "குடுத்துடுடி, புண்ணியமாப் போகும்," என்றாள். புஷ்பவல்லியின் கை சாவிமேல் போனது. போய், அங்கேயே நின்றது. இன்றைக்கு இந்தச் சந்தில் ஒருத்தர் எடுத்துக் கொடுக்கலாம். அடுத்த சந்தில்?

"தெரிமா காசே, பாக்சிக்," என்று பெரியவருக்கு நன்றி சொன்னாள். "நானே எடுக்குறேன். நீங்க பின்னால நின்னு கை மட்டும் காட்டுங்க."

பெரியவர் ஒரு கணம் யோசித்துவிட்டுப் பின்னால் போனார். அதைப் பார்த்துக் கூடாரத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவர்களும் எழுந்து வந்து இரண்டு பக்கமும் சாக்கடை ஓரமாக நின்றார்கள். புஷ்பவல்லி கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்த்தாள். காரை மெல்ல விட்டாள்.

"லெப்ட்டு, லெப்ட்டு!" என்று மும்தாஜ் கத்தினாள். "ஐயோ அந்த லெப்ட்டு இல்ல, என் லெப்ட்டு!"

"நீ வாயை மூடு!" என்று நாற்பது வருட நட்பில் முதல் தடவையாக அதட்டினாள் புஷ்பவல்லி. ஜெயமாலா கண்ணை இறுக மூடி முருகனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். பாதி வழியில் பின்டயர் ஓரத்தை உரச, பெரியவர் இரண்டு கையையும் தூக்கினார். நிறுத்தினாள். மூச்சை இழுத்துவிட்டாள். ரவிக்கையில் கைத்தையல் கோணிப்போனால் என்ன செய்வாள்? பிரித்துவிட்டு மறுபடி தைப்பாள். அவ்வளவுதானே! கொஞ்சம் முன்னே எடுத்தாள், ஸ்டியரிங்கை நேராக்கினாள், மறுபடி பின்னே விட்டாள். ஒரு வீடு போனது. ஒரு வாழைமரம் போனது. ஒரு பூனை எழுந்து வழிவிட்டது. பிறகு காரின் பின்பக்கம் அகலமான வெளிச்சத்துக்குள் போயிற்று. மெயின் ரோடு!

வெங்காயக்காரர்கள் கைதட்டினார்கள். பெரியவர் கட்டைவிரலை உயர்த்தினார். கட்டைவிரல்மேல் போன வருடத்திலிருந்து புஷ்பவல்லிக்கு இருந்த வெறுப்பு அந்த இடத்தில் தீர்ந்தது.

"ஏய்!" என்று அவள் வாய்விட்டுக் கத்தினாள்.

மோரிப்பில் கடல் தெரிந்தது. கண்ணாடியை இறக்கிவிட்டார்கள். உப்புக் காற்று உள்ளே புகுந்து நண்டுக் குழம்பு வாசத்தைக் கிளப்பிவிட, மூன்று பேருக்கும் பசித்தது. கல்யாணத்துக்கு முன்னால் ஒருநாள் வாசு அவளை மோட்டாரில் இங்கே கூட்டிவந்து கடலைக் காட்டியிருக்கிறான். "நிறுத்தட்டுமா?" என்றாள். "வரும்போது நிறுத்து, நேரத்தைப் பாரு," என்றாள் ஜெயமாலா. இப்போது அவளும் இந்தக் கட்சிதான்.

சுங்கை பெலேக் தாண்டி செம்பனைக் குலை ஏற்றிய லோரி ஒன்று முன்னால் ஆடி அசைந்து போனது. பத்து நிமிடம் அதன் பின்னாலேயே போனாள். இப்படிப் போனால் பன்னிரண்டுக்குப் போய்ச் சேரமுடியாது. எதிரே ரோடு காலியாக, நேராக நீண்டு கிடந்தது. மும்தாஜ், "பிஸ்மில்லா," என்றாள். ஜெயமாலா, "முருகா," என்றாள். புஷ்பவல்லி சிக்னல் போட்டு, வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு வண்டியை முந்தினாள். லோரிக்காரத் தம்பி மேலேயிருந்து பார்த்துச் சல்யூட் அடித்தான்.

லுக்குட் வீட்டு வாசலில் அப்போது வேறொரு கூத்து நடந்துகொண்டிருந்தது. ஜெயமாலா எந்தக் காரிலும் வரவில்லை என்பது சற்றுமுன்தான் தெரிந்திருந்தது. தனேஷ் மாமாவைக் கேட்டான், கமலநாதன் தனேஷைக் கேட்டார், அவர் மகன் கௌசிகன் இருவரையும் பார்த்து முழித்தான். இனி பந்திங் போய் வருவதென்றால் படையல் நேரம் தாண்டிவிடும். இந்த நேரத்தில் தெருமுனையில் பீப், பீப் என்று கேட்டது.

உள்ளே சமையலறையில் இருந்த அண்ணி கையிலிருந்த கரண்டியைப் போட்டுவிட்டு எழுந்தாள். அந்த இரண்டு ஹாரனோடுதான் அவள் குடித்தனம் நடத்தியிருந்தாள்.

சிவப்பு 'பி' ஒட்டிய மைவி வந்து நின்றது. முதலில் மும்தாஜ் இறங்கினாள். அடுத்து ஜெயமாலாவை இறக்கினார்கள். கமலநாதன் டிரைவர் சீட்டை எட்டிப் பார்த்தார்.

"யாரு ஓட்டினா?"

"நண்டு," என்றாள் மும்தாஜ். "முன்சீட்டுல பெல்ட்டு போட்டு அதுதான உக்காந்திருக்கு!"

கூடியிருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். கமலநாதன் தங்கையின் முகத்தைப் பார்த்தார், பார்த்த பார்வையைக் கீழே இறக்கிக்கொண்டார். புஷ்பவல்லி சட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். மணி பன்னிரண்டு அடிக்க இன்னும் நேரம் இருந்தது.

வாசுவின் படத்துக்கு முன்னால் தலைவாழை இலை போட்டிருந்தார்கள். சோறு, கோழி, வடை, பாயாசம் என்று இலை நிறைந்திருந்தது. நடுவில் மட்டும் ஒரு கை அகலத்துக்கு வெற்றிடம். அண்ணி அவள் கையைப் பிடித்துக் கூட்டிப்போனாள்.

"குழம்புக்கு இடம் விட்டு வச்சிருக்கேன். எல்லாரும் நேரமாச்சு, நெரப்பிடுன்னாங்க. நான் மாட்டேன்னுட்டேன். இந்தத் தடவை என் கண்ணால பாக்காம, 'பின்னால நிக்கிறா'ன்னு எவன் சொன்னாலும் நம்புறதா இல்ல."

புஷ்பவல்லி நண்டை எடுத்து அந்த இடத்தில் வைத்தாள். படத்தில் வாசு, எப்போதும்போல், அரைச் சிரிப்போடு இருந்தான். சாவி இன்னும் இவள் கையிலேயே இருந்தது. பேச வாய் எடுத்தாள். முதலில் அழுகைதான் வந்தது. ஒரு வருடமாக வாசலில் நின்ற அழுகை அது. பிறகு சொன்னாள், வீடே கேட்கும்படி:

"அண்ணே, வந்துட்டேன். நானே வந்துட்டேன்."

அன்றைக்கு அந்த வீட்டில் சாப்பிட்டவர்கள் நண்டுச் சட்டியை வழித்துத் துடைத்துவிட்டார்கள். வெயில் தாழ்ந்ததும் கார்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. புஷ்பவல்லி, மும்தாஜையும் ஜெயமாலாவையும் பின்சீட்டில் ஏற்றி, காலிச் சட்டியைப் பின்னால் டிக்கியில் வைத்து, கடைசியாகப் புறப்பட்டாள். மோரிப்பில் நிறுத்தி வேர்க்கடலை வாங்குவதாக ஒப்பந்தம்.

தெருமுனைக்கு வந்தவள் வழக்கப்படி கண்ணாடியைப் பார்த்தாள். வீட்டு வாசலில் ஒரு வெள்ளைச் சட்டை நின்றது. இரண்டு கையிலும் சாப்பாட்டுப் பொட்டலம், கக்கத்தில் குடை. தெருவை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துக்கொண்டிருந்தது.

"அது அண்ணன்தான?" என்றாள் ஜெயமாலா, திரும்பிப் பார்த்து. "கௌசிகன் அப்பவே போயிட்டானே?"

சிவேந்திரன் காரில் அப்பா வருவார் என்று நினைத்து, கௌசிகன் இருவரும் வந்த காரை எடுத்துக்கொண்டு போய்விட்டான். சிவேந்திரன், அவர் மகனோடு போவார் என்று போய்விட்டான். அந்நேரம் கமலநாதன் சமையலறையில் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தார். இப்போது பொட்டலங்களை ஒரு கைக்கு மாற்றி, போனை எடுத்து யாருக்கோ அடித்தார். ஓட்டுகிறவர்கள் எடுப்பார்களா?

மும்தாஜுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "விட்டுட்டுப் போடி. யாராச்சும் ஏத்திக்குவாங்க."

புஷ்பவல்லியும் சிரித்தாள். ஒரு நிமிடம், ஒரே ஒரு நிமிடம், அப்படியே போய்விடலாமா என்று அவளுக்குத் தோன்றத்தான் செய்தது. மனுஷிதானே! பிறகு அந்தச் சட்டை தனியாக நிற்பதைப் பார்த்தாள். நிற்பது எப்படி இருக்கும் என்று அவளைவிட யாருக்குத் தெரியும்?

கியரை மாற்றினாள். கழுத்தைத் திருப்பினாள். தெரு நீளத்துக்கும், ஒரு கோணல் இல்லாமல், கோஸ்தான் எடுத்து வந்து அவர் பக்கத்தில் நிறுத்தினாள். பக்கத்திலேயே நின்றவருக்கு ஹாரன் தேவையில்லை, ஆனாலும் இரண்டு தடவை அடித்தாள்.

கமலநாதன் குனிந்து காருக்குள் பார்த்தார். தங்கை இருந்தாள். முன்சீட்டு காலியாக இருந்தது. "புஷ்பா... அன்னைக்கு உன்னை நாங்க..."

"ஏறுங்கண்ணே," என்றாள் புஷ்பவல்லி. "பொட்டலத்தைக் கீழ வைங்க, பெல்ட்டைப் போடுங்க. இல்லன்னா கார் கத்தும்."

அவர் ஏறினார். பெல்ட்டை மாட்டினார். மேலே இருந்த கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். புஷ்பவல்லி சிக்னல் போட்டு, கடலோரப் பக்கம் திருப்பினாள்.